வாடைக்குப் பின் வரும் தும்மல்

மார்கழி மழை விட்டு வானம் வெளுக்கத் தொடங்கும் நாள்களில் திருக்கோணமலை நகரத்து வீடுகளில் ஒரு காட்சி ஆண்டுதோறும் தவறாது நிகழ்வதுண்டு. தைப்பொங்கலை முன்னிட்டு வீட்டைத் துப்புரவு செய்யப் புகுந்தவர்கள், மழைக்காலம் முழுதும் மூடிக் கிடந்த அலுமாரியைத் திறக்கின்றனர். மடித்து வைத்த சேலைகளிலிருந்து ஒரு புழுங்கல் நாற்றம் எழுகின்றது. தோற்செருப்பின்மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய மயிர் படர்ந்தாற்போன்ற ஒரு படலம். பிள்ளைகளின் பழைய புத்தக மட்டைகளிலே கரும்பச்சைப் புள்ளிகள். தும்புத்தடியை எடுத்துத் தட்டத் தொடங்கிய சிறிது நேரத்துக்குள் வீட்டிலுள்ள யாரேனும் ஒருவருக்குத் தும்மல் பிடித்துக்கொள்கின்றது. ஒன்றிரண்டல்ல, ஏழு, எட்டு, பத்து என அடுக்குத் தும்மல். கண் சிவந்து அரிக்கின்றது. மூக்கிலிருந்து நீர் தெளிவாக ஒழுகுகின்றது. “மழையிலே நனைந்திருப்பாய் பிள்ளை, தடிமன் பிடித்துக்கொண்டது” என்று வீட்டு மூதாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கொத்தமல்லி அவிக்க அடுப்படிக்குச் செல்கின்றார்.

கொத்தமல்லிக் குடிநீரால் தீங்கொன்றும் இல்லை. ஆயின் தீர்ப்பு மட்டும் பிழையானது. தடிமன் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவது. தொண்டை நோவும் சிறிது காய்ச்சலும் உடன் வரும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள், அவ்வளவில் விட்டுவிடும். அலுமாரி திறந்த அன்று தொடங்கிய தும்மலோ காய்ச்சலைக் கொண்டுவருவதில்லை. வீட்டிலுள்ள மற்றவரைத் தொற்றுவதும் இல்லை. கண்ணும் மூக்கும் மேலண்ணமும் அரிப்பதே அதன் முதல் அடையாளம். வாரக்கணக்கில் நீடிக்கும்; விட்டால் அடுத்த ஆண்டு அதே பருவத்தில் திரும்பி வரும். இது நோய்க்கிருமியின் வேலையன்று, ஒவ்வாமை. இந்த வேறுபாட்டை அறியாமையால் ஒவ்வோர் ஆண்டும் தை மாசியில் எத்தனையோ பிள்ளைகள் தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை விழுங்குகின்றனர். அவர்களுட் சிலருடைய மூக்கிலே தொடங்கிய தொல்லை நெஞ்சுக்கு இறங்கித் தொய்வாக முற்றும்வரை அது இன்னதென்று எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

ஒவ்வாமையைப் பற்றி அயல்நாட்டு நூல்களும் மருந்துப் பெட்டிகளுடன் வரும் துண்டுத்தாள்களும் கூறுவன திருக்கோணமலைக்கு அப்படியே பொருந்துவனவல்ல. அவை இளவேனிலைக் குற்றஞ் சாட்டும். மத்தியதரைக் கடலோரத்தில் மாசி பங்குனியில் சைப்பிரஸ் மரமும், பின்னர் மதிலிடுக்குகளில் முளைக்கும் பரியேற்றாரியா என்னும் களையும், வைகாசி ஆனியில் ஒலிவ மரமும் மகரந்தத்தைக் காற்றிலே கொட்டுகின்றன. அங்கு வாழ்வோர்க்கு நாட்காட்டியைப் பார்த்தே தும்மலை எதிர்பார்க்கலாம்.

எனினும் அந்தக் கடற்கரைக்கும் இந்தக் கடற்கரைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மத்தியதரை நாடுகளிற் போலவே திருக்கோணமலையிலும் மழை பெய்வது மாரியில், வறள்வது கோடையில். காலநிலைகளை எழுத்துக் குறியிட்டுப் பகுத்த கொப்பன் என்னும் அறிஞரின் முறைப்படி இவ்விடம் கோடையில் வரட்சியுறும் வெப்பமண்டலப் பிரிவைச் சேர்ந்தது. உலகில் இத்தகைய இடங்கள் அதிகமில்லை. ஆண்டில் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வருவது. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு, மலையைக் கடந்து, உலர்ந்து சூடேறியவாறு கீழ்க்கரைக்கு இறங்குகின்றது. கச்சான் என்று மக்கள் வழங்குவது இக்காற்றையே. வாடை ஈரத்தைத் தருகின்றது. கச்சான் அதனை உலர்த்தித் தூளாக்கிப் பறக்கவிடுகின்றது. இத்துறைமுக நகரின் ஒவ்வாமை வரலாறு முழுவதும் இவ்விரு காற்றுகளுக்கும் இடைப்பட்டதே.

ஒவ்வாமை இன்னதென்று மனிதர் அறிந்துகொண்ட கதை நெடியது. 1819ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் யோன் பொஸ்ரொக், ஆண்டுதோறும் கோடையில் தம்மைப் பற்றும் கண்ணெரிச்சலையும் தும்மலையும் மருத்துவர் சபையொன்றின் முன் விரித்துரைத்தார். காரணம் வெயில் என்பது அவர் எண்ணம். அரை நூற்றாண்டின் பின் மான்செஸ்ரர் நகரத்து மருத்துவர் சாள்ஸ் பிளாக்லி, தாமும் அந்நோயாளியாதலால், தம் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கினார். புல்லின் மகரந்தத்தைத் தம் மூக்கிலிட்டுப் பார்த்தார். தோலைச் சுரண்டி அதிற் பூசிப் பார்த்தார். பசை தடவிய கண்ணாடித் தகடுகளில் விழும் மகரந்தத் துணிக்கைகளை எண்ணிக் கணக்கிட்டார். பட்டங்களிலே தகடுகளைக் கட்டி வானில் ஏற்றி, மேலே எவ்வளவு மிதக்கின்றதென்றும் கண்டார். 1873ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலோடு வெயிலின்மீதிருந்த பழி நீங்கிற்று. 1906ஆம் ஆண்டில் ஒஸ்திரிய மருத்துவர் வொன் பிர்க்கே இத்தகைய நிலைகளுக்குப் பொதுவாக ‘அலர்ஜி’ என்ற பெயரைச் சூட்டினார். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே யப்பானியத் தம்பதியரான இஷிசாக்காக்களும், சுவீடனிலே வேறொரு குழுவினரும், இதற்குப் பொறுப்பான பிறபொருளெதிரியை இனங்கண்டனர்.

அதன் செயல் இவ்வாறு அமைகின்றது. உடலுக்குள் நுழையும் பகையை இனங்கண்டு எதிர்ப்பதற்காக இரத்தத்திலே காவல் உண்டு. சிலருடைய உடலில் இக்காவல், தீங்கற்ற ஒரு மகரந்தத் துணிக்கையையோ பூஞ்சண வித்தியையோ பகையென்று பிழையாகக் குறித்துக்கொள்கின்றது. முதல் முறை நுழையும்போது வெளியே ஒன்றும் தெரியாது. குறிப்பு மட்டும் எழுதப்படுகின்றது. அக்குறிப்பே மேற்சொன்ன பிறபொருளெதிரி. மூக்கு, கண், மூச்சுக்குழல் ஆகியவற்றின் ஓரங்களிலுள்ள சில கலங்களின்மேல் அது பொறியிற் பூட்டிய வில்லைப்போற் காத்திருக்கும். அதே பொருள் மீண்டும் வந்து தொட்டவுடன் அக்கலங்கள் ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்களைக் கொட்டுகின்றன. அரிப்பு, வீக்கம், நீரொழுக்கு எல்லாம் அதன் விளைவே. மூச்சுக்குழலில் நிகழ்ந்தால் குழல் இறுகிச் சளி அடைத்து, இழுப்பு உண்டாகின்றது. ஆகவே ஒவ்வாமையுடையவர் மெலிந்த உடம்பினர் என்று கருதுவது பிழை. அவருடைய காவல் மெலிந்ததன்று. வேண்டாத இடத்தில் முனைப்புக் காட்டுவது.

ஹிஸ்டமினைக் குறித்து மீன்பிடித் துறையுள்ள ஊரில் இன்னுமொன்று சொல்லவேண்டும். பனிக்கட்டியின்றி வெயிலிற் கிடந்த சூரை மீனை உண்டபின் முகஞ்சிவந்து உடம்பெல்லாம் அரித்தால், தமக்கு அந்த மீன் ‘ஒத்துக்கொள்ளாது’ என்று பலர் வாழ்நாள் முழுதும் அதனை விலக்கிவிடுகின்றனர். அங்கே நிகழ்ந்தது பெரும்பாலும் ஒவ்வாமையன்று. கெடத் தொடங்கிய சூரையின் தசையிலே நுண்ணங்கிகள் ஹிஸ்டமினை ஆக்கிவிடுகின்றன. சமைத்தாலும் அது அழியாது. உடல் சுரக்க வேண்டியதை மீனே கொண்டுவந்துவிட்டது என்பதே செய்தி. மறுமுறை புதிய மீனை உண்டால் ஒன்றும் நேராது.

மகரந்தத்தைப் பொறுத்தவரை, குற்றவாளியென்று ஊரார் சுட்டுவன பெரும்பாலும் நிரபராதிகள். தை மாசியில் மாமரம் பூத்துக் குலுங்கும்போது தும்மல் வருகின்றது; ஆகவே மாம்பூவே காரணம் என்பர். முருங்கையும் வேம்பும் கொன்றையும் இவ்வாறே பழி சுமக்கின்றன. கண்ணைக் கவரும் பூவும் மூக்கைக் கவரும் மணமும் வண்டையும் தேனீயையும் அழைப்பதற்காக அமைந்தவை. அத்தகைய பூக்களின் மகரந்தம் பிசுபிசுப்பானது, பாரமானது. பூச்சியின் காலில் ஒட்டுமேயன்றிக் காற்றிலே தொலைதூரம் போகாது. மாம்பூவின் கடுமணம் மரத்தின் கீழ் நிற்பவர் மூக்கை உறுத்தக்கூடும்; அது வேறு. வெப்பமண்டலத்து மரங்களிற் பெரும்பாலானவை பூச்சியையோ வௌவாலையோ நம்பியே பூக்கின்றன. ஐரோப்பாவிற் போலக் காட்டு மரங்களெல்லாம் ஒரே கிழமையிற் காற்றிலே மகரந்தத்தைச் சொரியும் வழக்கம் இங்கில்லை.

உண்மைக் குற்றவாளிகள் பூவென்று எவரும் மதியாதவை. முதலாவது புல். வாடை மழையிற் செழித்த புல்லினங்கள் மார்கழி முதல் பங்குனி வரை கதிர் தள்ளுகின்றன. அறுகம்புல் பிள்ளையாருக்கு உகந்தது. ஆனால் வெப்பநாடுகளிற் புல்லொவ்வாமை உண்டாக்குவனவற்றுள் அது முன்வரிசையில் நிற்பது. வெட்டாமல் விட்டுக் கதிர் வந்தபின்பே அதனால் தொல்லை. ஆதலாற் கதிர் வருமுன் வெட்டிவிட்டால் முற்றத்திலே அறுகு இருப்பதாற் பிழையில்லை. தென்னை, பனை, கரையோரச் சவுக்கு ஆகியவற்றின் மகரந்தமும் காற்றிலே செல்வதுண்டு. தென்னை மகரந்தத்துக்கு ஒவ்வாமை காட்டியோர் இந்தியாவிற் செய்த சோதனைகளிலே அறியப்பட்டுள்ளனர். வேலியோரத்து ஆமணக்கையும் இப்பட்டியலிற் சேர்க்கவேண்டும்.

பார்த்தீனியம் என்ற களையைப் பற்றித் தனியே எச்சரிப்பது தகும். கரட் இலைபோன்ற இலையும் சிறுசிறு வெண்பூக்களும் கொண்ட இச்செடி அமெரிக்கக் கண்டத்துக்குரியது. 1950களின் நடுப்பகுதியில் இந்தியாவின் பூனா நகரத்திலே காணப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவியது. இலங்கையின் வடபகுதியில், வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும், இன்று அது பெருந்தொல்லையாகியிருக்கின்றது. மகரந்தத்தாற் தும்மலும், தொட்டாலே தோலில் அழற்சியும் உண்டாக்கும். தரிசு நிலத்திலோ தெருவோரத்திலோ இதனைக் கண்டால், பூக்குமுன், கையுறையணிந்து வேரோடு பிடுங்கவேண்டும். அழகாயிருக்கின்றதென்று பூங்கொத்தில் வைப்போரும் உளர். அவர்கள் செய்வதின்னதென்று அறியாதவர்கள்.

மகரந்தத்தை இவ்வளவோடு விட்டுப் பூஞ்சணத்துக்கு வரலாம். திருக்கோணமலையைப் போன்ற ஈரக் கடற்கரையிலே தும்மலுக்கும் தொய்வுக்கும் மகரந்தத்தைக் காட்டிலும் பெரிய காரணங்கள் பூஞ்சணமும், அதனோடு வாழும் தூசிச் சிற்றுண்ணியுமே.

பூஞ்சணத்துக்கு வேண்டியவை ஈரமும் சிறிதளவு உணவும். தோல், கடதாசி, பருத்தி, மரப்பலகை, வைக்கோல், கிடுகு, சுவரிற் படிந்த அழுக்கு என எதுவும் அதற்கு உணவாகும். அது விதைக்குப் பதிலாக வித்திகளைப் பரப்புகின்றது. புல்லின் மகரந்தம் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் முப்பது நாற்பது பங்கு அளவினது. மூக்கின் மயிரிலும் சளியிலும் தடைப்பட்டு நின்றுவிடும். பூஞ்சண வித்திகளுட் பல இரண்டு முதல் பத்துப் பங்கே. தடையின்றி நெஞ்சுக்குள் இறங்கவல்லவை. மகரந்தம் மூக்கையும் கண்ணையும் வருத்த, பூஞ்சணம் தொய்வைக் கிளப்புவதற்கு இவ்வளவு வேறுபாடு ஒரு காரணம்.

காற்றிலுள்ள வித்திகளைப் பிடித்து மணித்தியாலக் கணக்கில் எண்ணும் பொறியொன்றை 1952ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்திலே ஹேர்ஸ்ற் என்பவர் அமைத்தார். அதன் பயனாக ஒரு புதுமை வெளிப்பட்டது. பகலிற் பறக்கும் வித்திகள் வேறு, இரவிற் பறப்பன வேறு. கிளடோஸ்போரியம், ஆல்ற்றனேரியா ஆகிய கரும்பூஞ்சணங்கள் உலர்ந்த வெயிலிலே, காற்று உதறும்போது பறக்கின்றன. வேறு சில இனங்கள் மழை பெய்து நனைந்த பின்னர், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில், தம் வித்திகளைத் தாமே எறிகின்றன. கச்சான் மாதத்துப் பகல் இருமலையும், கார்த்திகை மாதத்து விடியற்கால இழுப்பையும் ஒரே ஆள் வேறுவேறாக உணர்வதற்கு இதிலே விளக்கம் உண்டு. ‘மழை பெய்தால் தூசி அடங்கும், நெஞ்சுக்கு நல்லது’ என்ற நம்பிக்கை பாதியளவே மெய்.

பூஞ்சணத்தையும் தொய்வையும் இணைத்து ஆராய்ந்த முயற்சி ஒன்று எதிர்பாராத வேறொரு கண்டுபிடிப்புக்கு வழிவிட்ட கதையும் உண்டு. இலண்டன் சென்ற் மேரிஸ் மருத்துவமனையில் தொய்வு நோயாளரின் வீடுகளிலிருந்து எடுத்த பூஞ்சணங்களை லா ற்றூஷ் என்னும் அறிஞர் வளர்த்து வந்தார். அதே கட்டடத்தில் மேல்தளத்தில் இருந்தவர் அலெக்சாந்தர் பிளெமிங். 1928ஆம் ஆண்டில் அவருடைய தட்டிலே விழுந்து பெனிசிலினை உலகுக்குக் காட்டிய வித்தி, கீழ்த்தளத்து அந்தச் சேகரிப்பிலிருந்தே மிதந்து வந்திருக்கவேண்டும் என்று கருதப்படுகின்றது.

வீட்டுச் சுவரைப் பார்ப்போம். கடற்கரை வீடுகளின் சுவரிற் காணும் வெண்மையெல்லாம் பூஞ்சணமன்று. உப்பு நீங்கக் கழுவாத கடல்மணலாற் கட்டிய சுவர், காற்றின் ஈரத்தை இழுத்து உப்புப் பூக்கும். ஐயமிருந்தால் ஒரு துளி நீரை இட்டுப் பார்க்கலாம்: உப்பு கரைந்துவிடும், பூஞ்சணம் கரையாது. ஆயின் உப்புப் பூத்த சுவர் ஈரம் நீங்காத சுவராதலால் இன்று உப்பு இருந்த இடத்தில் நாளை பூஞ்சணம் இருக்கும். பொங்கலுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பழைய வழக்கத்தை இங்கே பாராட்டவேண்டும். சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணத்தை வளரவொட்டாது தடுப்பது. சுவரின் ஈரம் வெளியேறவும் அது இடங்கொடுக்கும். இக்காலத்தில் பூஞ்சணத்தின் மேலேயே பளபளக்கும் நிறப்பூச்சைப் பூசி மறைப்பவர் அந்த இரண்டு நன்மையையும் இழந்துவிடுகின்றனர். பூச்சின் உள்ளே ஈரம் தங்கி, ஓராண்டில் அது தோலுரிந்து மீண்டும் கறுக்கும். சலவைத்தூள் நீரிட்டுக் கொன்றுவிட்டால் தீர்ந்தது என்பதும் சரியன்று. இறந்த பூஞ்சணமும் ஒவ்வாமையைத் தூண்டும். ஈரத்துணியால் துடைத்து அகற்றியே ஆகவேண்டும். 2011ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்ததைப் போன்ற வெள்ளம் வந்துபோனால், நனைந்த பாய், தலையணை, துணி முதலியவற்றை இரண்டு நாளுக்குள் உலர்த்திவிட வேண்டும். அதற்கு மேல் நனைந்து கிடந்த பஞ்சு மெத்தையைக் காப்பாற்ற முயல்வது வீண்.

சிற்றுண்ணி கண்ணுக்குத் தெரியாதது. மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு நீளம். மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்வது. வீட்டுத் தூசியின் ஒவ்வாமைக்கு இதுவே முதற் காரணம் என்பதை 1960களில் ஒல்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர் நிறுவினர். துன்பம் தருவது அதன் கடியன்று, அதன் கழிவு. காற்றின் ஈரப்பதன் எழுபது எண்பது வீதமாயிருக்கும் வாடைக்காலம் இதற்குப் பொற்காலம். ஆறுதல் என்னவெனில், திருக்கோணமலைக்குக் கச்சான் என்ற மருத்துவர் இருக்கின்றார். ஆனி ஆடியின் உலர்ந்த வெயிலிலே மெத்தையையும் இலவம்பஞ்சுத் தலையணையையும் நாள்முழுதும் புரட்டிப் போட்டால் உண்ணிகள் உலர்ந்து மடியும். அதன் பின் நன்றாகத் தட்டவேண்டும். கழிவு அப்போதுதான் நீங்கும். தட்டுபவர் தொய்வுக்காரராக இருத்தல் கூடாது. இது சொல்லவேண்டாத செய்தியாகத் தோன்றலாம்; ஆயினும் பெரும்பாலான வீடுகளில் தும்முகின்ற தாயின் கையிலேயே தும்புத்தடியும் இருக்கக் காண்கிறோம். விரிப்புகளை வாரமொருமுறை கொதிநீரில் அலசுவது நன்று. சிற்றுண்ணியின் உடலிலுள்ள ஒரு புரதம் இறாலிலும் நண்டிலும் உள்ள புரதத்தை ஒத்தது. ஆதலால் உண்ணியொவ்வாமை உடையோருட் சிலருக்கு இறாற் கறி உண்டதும் வாயரிப்பு ஏற்படுகின்றது.

துறைமுக மாவட்டத்துக்கே உரிய மற்றொரு காரணம் தானியத் தூசி. இதனை விளக்குவதற்குப் பார்சலோனா நகரம் தந்த பாடத்தை விடச் சிறந்தது கிடையாது. மத்தியதரைக் கடலின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றான அந்நகரில், 1981ஆம் ஆண்டு முதல், சில குறித்த நாள்களில் மட்டும் மருத்துவமனைகளுக்குத் தொய்வு நோயாளர் திடீரெனத் திரண்டு வந்தனர். அடுத்த நாள் ஒன்றுமில்லை. சிலர் மருத்துவமனையை அடையுமுன்பே இறந்தனர். முதலிற் பழி வாகனப் புகைமீதும் ஆலைப் புகைமீதும் விழுந்தது. புகையோ நாள்தோறும் இருந்தது, நோய் அவ்வாறில்லை. ஆய்வாளர் ஒவ்வொரு நோயாளியும் எங்கே, எந்நேரத்தில் மூச்சுத் திணறினார் என்று நகரப்படத்திற் குறித்துக்கொண்டே வந்தனர். குறிகள் துறைமுகத்தை அண்டிக் குவிந்தன. பின்பு கப்பல்களின் சரக்குப் பதிவேடுகளைப் புரட்டினர். சோயா அவரை இறக்கிய நாள்களும் தொய்வு திரண்ட நாள்களும் ஒன்றோடொன்று பொருந்தின. தானியத்தைச் சேமிக்கும் உயர்ந்த களஞ்சியம் ஒன்றிலே தூசியைத் தடுக்கும் வடிப்பான் இல்லை. கடலிலிருந்து மென்காற்று வீசிய நாள்களில் அவரைத் தோலின் தூசி அங்கிருந்து நகரத்தின்மீது கவிந்தது. நோயாளரின் இரத்தத்தைச் சோதித்தபோது சோயாவுக்கு எதிரான பிறபொருளெதிரி காணப்பட்டது. 1987ஆம் ஆண்டுவரை இவ்வாறு 26 நாள்கள் கணக்கிடப்பட்டன. அவ்வாண்டில் களஞ்சியத்துக்கு வடிப்பான் பூட்டினர். அந்தப் பெரும் அலைகள் ஓய்ந்தன. மருந்தோ தடுப்பூசியோ அன்று. துணிப்பை போன்ற ஒரு வடிப்பான்.

இதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1928ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரொலேடோ நகரில் ஆமணக்கெண்ணெய் ஆலையின் தூசியால் அயலிலுள்ளோர்க்குத் தொய்வு வந்ததை மருத்துவர் இருவர் எழுதிவைத்திருந்தனர். பார்சலோனாவில் அது நெடுநாளாக எவர் நினைவுக்கும் வரவில்லை என்பது வருந்தற்குரியது.

திருக்கோணமலைத் துறைமுகத்திலும் தானியம் இறங்குகின்றது. சீனக்குடாவிலே கோதுமையை அரைக்கும் பெரிய மாவாலை உண்டு. நகரெங்கும் வெதுப்பகங்கள் உண்டு. பார்சலோனாவில் நேர்ந்தது இங்கே நேர்ந்தது என்று இதற்குப் பொருளன்று. தானியமும் மாவும் கையாளும் தொழிலாளரின் தும்மலை எவரும் ‘மாத்தூசி பழகிவிடும்’ என்று தட்டிக்கழித்தல் ஆகாது என்பதே கருத்து. இத்தாலிய மருத்துவர் றமசீனி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே மாவரைப்போரும் தானியம் புடைப்போரும் மூச்சிளைப்பதை எழுதியிருக்கின்றார். வெதுப்பகத் தொழிலாளிக்கு வேலைநாளில் தும்மலும் விடுமுறைநாளில் நலமும் ஏற்படுமாயின், அந்த வேறுபாடே போதிய சான்று. சீமெந்துத் தூசி இவ்வகையிற் சேராது. அது மூக்கையும் நெஞ்சையும் உறுத்தும். மூச்சுவழியில் உண்மையான ஒவ்வாமையை ஊட்டுவதன்று. தோலில் அது தரும் சொறி வேறு வகை.

தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர் வயல்களிலே மாசி பங்குனியில் பெரும்போகமும், ஆவணி புரட்டாதியில் சிறுபோகமும் அறுவடையாகின்றன. நெற்பூவின் மகரந்தம் குறுகிய ஆயுளினது, அதனாற் பெருந்தொல்லையில்லை. தொல்லை சூடடிப்பில் எழும் சுணையும் பதரும், ஈர வைக்கோலிற் படிந்த பூஞ்சணமும். சுணை தோலையும் கண்ணையும் குத்துவது. பூஞ்சணம் நெஞ்சைத் தாக்குவது. நனைந்து புழுங்கிய வைக்கோற் போரைக் கிளறிய அன்று மாலை, சில மணித்தியாலம் கழித்துக் காய்ச்சலும் நடுக்கமும் வறட்டு இருமலும் வந்தால், அது மலேரியாவோ நுரையீரற் சளிக்காய்ச்சலோ என்று மயங்க இடமுண்டு. 1932ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விவரிக்கப்பட்ட உழவர் நுரையீரல் நோய் இதுவே. மேற்சொன்ன தும்மலினத்தைச் சேராதது. அடிக்கடி நிகழ்ந்தால் நுரையீரல் நிலையாகத் தழும்புறும். வைக்கோலை உலர்த்தியே அடுக்குவதும், கிளறும்போது காற்றின் மேற்புறம் நின்று வாயையும் மூக்கையும் மூடும் முகமூடி அணிவதும் தற்காப்பாகும். தோளிற் கிடக்கும் துவாய்த் துண்டு வித்தியைத் தடுக்காது.

புலம்பெயர்ந்த உறவினர்க்கு எழுதும் கடிதத்தில் ஒரு செய்தியைச் சேர்ப்பது தகும். 2016ஆம் ஆண்டு நவம்பர் 21ஆந் திகதி மாலை மெல்பேண் நகரிலே இடிமழை ஒன்று வந்தது. அன்று வெயில் கடுமை. புல் மகரந்தம் காற்றில் நிறைந்திருந்தது. மகரந்தம் முகிலின் ஈரத்திலே நனைந்து வெடித்து, ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான நுண்துகள்களாயிற்று. மூக்கிலே தங்கவேண்டியது நெஞ்சுக்குள் புகுந்தது. ஓரிரவில் ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளை நாடினர், பத்துப்பேர் இறந்தனர். நோயுற்றோருட் பலர் அதற்குமுன் தொய்வு கண்டவரல்லர், ஆண்டுதோறும் தும்முவோரே. தென்னாசியாவிலிருந்து குடியேறியோர் அவர்களுள் அதிகமாயிருந்தனர். தாய்நாட்டில் அந்த றைப்புல்லை அறியாத உடல், அங்கு சில ஆண்டு வாழ்ந்த பின்னரே அதனைப் பகையாகக் குறித்துக்கொள்கின்றது. அங்கே ஐப்பசி முதல் மார்கழி வரை புல்மகரந்தக் காலம்; இடி முழங்கும்போது கதவடைத்து உள்ளே இருத்தல் வேண்டும்.

இனி மருந்து. மூக்கொழுகலுக்கு வழங்கும் பழைய ஹிஸ்டமினெதிர் மாத்திரைகள் அரிப்பைத் தணிக்கும், தூக்கத்தையும் தரும். விடியுமுன் வள்ளம் இறக்குபவரும் சாரதியும் அவற்றை விழுங்குதல் ஆபத்து. தூக்கம் தராத புதிய வகைகள் உண்டு. நீடித்த மூக்கடைப்புக்கு வைத்தியர் தரும் மூக்குத்தெளிப்பு மருந்து மேலானது. ஆயின் அது ஓரிரு வாரம் தொடர்ந்து பயன்படுத்திய பின்னரே முழுப் பயன் தரும். ஒருநாள் தெளித்துப் பார்த்துவிட்டு ‘இது வேலை செய்யவில்லை’ என்று எறிவோரே அதிகம். ஆவி பிடித்தல் மூக்கடைப்பைச் சற்று இளக்கும். சிறுபிள்ளைகளைக் கொதிநீரின் அருகிற் கொண்டுபோவதோ கூடாது. சாம்பிராணிப் புகையும் நுளம்புச்சுருளும் விறகுப் புகையும் தொய்வுப் பிள்ளைக்குப் பகை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்தச் சொன்னால் மனவருத்தம் உண்டாகும். பிள்ளையை வெளியே முற்றத்தில் இருத்திவிட்டு இட்டால் இருதரப்புக்கும் நன்று.

தொய்வுக்கு இருவகை மருந்துக் குழல்கள் உண்டு. நீலநிறத்தது இறுகிய மூச்சுக்குழலை உடனே இளக்குவது. கபிலநிறத்தது நாள்தோறும் உறிஞ்சி, உள்ளே உள்ள அழற்சியை அடக்கி, இழுப்பு வராமற் காப்பது. ‘குழலைத் தொட்டால் பிள்ளைக்கு அது பழக்கமாகிவிடும், இறுதிக் கட்டத்துக்குரியது அது’ என்ற அச்சம் கிராமத்திலும் நகரத்திலும் ஒருபடித்தாய் நிலவுகின்றது. அந்த அச்சத்தாற் பெற்றோர் கபிலக்குழலை ஒளித்துவைத்துவிட்டு, இழுப்பு வந்தபோது மாத்திரையும் பாணியும் கொடுக்கின்றனர். மாத்திரையாக விழுங்கும் மருந்து உடலெங்கும் பரவுவது. குழலிற் செல்வதோ அதனினும் மிகச் சிறிய அளவில் வேண்டிய இடத்துக்கே போவது. அஞ்சவேண்டியது எதற்கென்று பார்த்தால் முறை தலைகீழாகவே இருக்கின்றது.

பிள்ளை ஒரு வசனத்தை மூச்சு விடாமற் சொல்லி முடிக்க இயலாவிடில், மூச்சிழுக்கும்போது விலாவிடைகள் உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், விடியும்வரை பார்ப்போம் என்று இருத்தல் ஆகாது. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் வாழ்ந்தோர் இதன் பொருளை நன்கறிவர். 2009ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, நள்ளிரவில் மூச்சு முட்டிய பிள்ளையை நகர வைத்தியசாலைக்குக் கொண்டுவருபவர் ‘பாதை’ என்று வழங்கிய மிதவைக்காகக் கரையிலே காத்திருக்க நேர்ந்தது. இன்று பாலத்தின்மீது சில நிமிடத்திற் கடந்துவிடலாம். கபிலக்குழலை ஐப்பசியிலே, வாடை தொடங்குமுன், வைத்தியரின் அளவுப்படி தொடங்கும் வீட்டில் அந்த இரவுப் பயணம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.